மூன்று மச்சம் வைத்த ஸ்பேனர்

பிப்ரவரி 6

அக்கா,

எத்தனை முறை போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை. கடிதமானால் கிழித்துப் போடுவதற்காவது கையில் வாங்குவாய் என்று எழுதுகிறேன். கிழிக்கிறதானால் உள்ளே இருக்கும் மெல்லிய தாளை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கிழி.

விஷயம் இதுதான். நான் வேலை பார்க்கும் துறைமுக அருங்காட்சியகத்தில் பழைய கருவிகளுக்கென்று ஏப்ரலில் ஒரு கூடம் திறக்கிறார்கள். அதற்கு ஒரு சாக்கு நிறைய ஸ்பேனர் வந்திருக்கிறது. பயணிகள் படகின் எஞ்ஜினில் பெரிய நட்டு ஒன்று உண்டு. அதைத் திருப்புவதற்குப் படகுக்கு ஒரு ஸ்பேனர் வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே அளவு, மொத்தம் முப்பத்தைந்து. துறைமுகத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், படகுகள் உடைபடும்போதெல்லாம் எடுத்துச் சேர்த்து வைத்துக் கொடுத்தவை. ஒன்றிலும் செய்தவர் பெயரில்லை, ஆண்டில்லை, அளவுகூடப் போடவில்லை. பிடியின் நடுவே நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தை வைத்து, இது பெரிய கம்பெனியான மணிக்கூண்டுத் தொழிற்சாலையின் சரக்கு, நம் தாத்தா காலத்தது என்று பொறியாளர் ஐயா சொல்கிறார். பெயர்ப்பலகைக்கும் அப்படியே எழுதியாயிற்று. மார்ச் 20 அச்சுக்குப் போகிறது.

துரு எடுத்துத் துடைத்து வைக்கும் வேலை என்னுடையது. முதலில் துடைத்த ஸ்பேனரின் கழுத்தில், வாயும் பிடியும் சேருமிடத்தில், தலைமுடி போல மேடாக ஒரு கோடு தெரிந்தது. கோட்டின் நுனியில் சின்னதாக ஒரு புடைப்பு, மச்சம் மாதிரி. இரண்டாவதை எடுத்துத் துடைத்தேன். அதே இடத்தில் அதே கோடு, அதே மச்சம். பழுத்த இரும்பை ஸ்பேனராக அடித்தெடுக்கிற டையில், அதாவது இரும்பு அச்சில், விரிசல் விட்டிருந்தால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கோடு விழும். அதுவரை எனக்கே புரிகிறது. மச்சம்தான் புரியவில்லை.

அம்மா படகு ஸ்பேனருக்கு டை வெட்டியதாகச் சொல்வாள் இல்லையா. டையில் விரிசல் விட்டால் அவள் என்ன செய்வாள் என்று கேட்டு எழுது. நான் எதையும் முடிவு செய்துவிடவில்லை, கேட்கத்தான் செய்கிறேன். ஸ்பேனரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்ததை இதோடு அனுப்புகிறேன்.

தங்கை


பிப்ரவரி 14

வக்கீலம்மாவுக்கு,

தபால்காரர் நீட்டிய உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில், பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் இரும்புக் கட்டையில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டேன். நகம் கறுத்துவிட்டது. அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

ஒன்றரை வருஷம் கழித்து உனக்குச் சந்தேகம் கேட்க அம்மா வேண்டியிருக்கிறது. அவளுடைய எழுபதாவது பிறந்தநாளன்று வீடு நிறைய ஆட்கள். சித்தப்பா குடும்பம், என் பட்டறை ஆட்கள், எல்லாரும் கையில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். "துறைமுகத்துல இறுக்கின நட்டுல பாதி என் ஸ்பேனர் இறுக்கினதுதான்" என்று எப்போதும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னாள். நீ என்ன கேட்டாய்? "அதுக்கு என்னம்மா ஆதாரம்?" சித்தப்பா சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போனவள், அன்றோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். பம்ப் ரிப்பேருக்கு வருகிறவர்களை உட்காரவைத்துப் பழைய கதை சொல்லிக் கழுத்தறுப்பாளே, அதுகூட இல்லை. வீடே ஊமையாகிவிட்டது. இப்போது உனக்கு மச்சம் புரியவில்லையாம்.

உன் கடிதத்தை அவளிடம் காட்டுகிற எண்ணமே எனக்கு இல்லை. மேசையில் ஒரு பம்ப் மூடிக்கு அடியில் சொருகி வைத்தேன். அவள் கண்ணுக்கு எதுதான் தப்பியிருக்கிறது? சாயங்காலம் பார்த்தால் ஜன்னலோரம் நின்று உன் பென்சில் தாளை வெளிச்சத்தில் பிடித்திருக்கிறாள். அந்தக் கோட்டின் மேலேயே விரல் போய்வந்துகொண்டிருக்கிறது.

"இது என் டை" என்றாள். உட்கார்ந்தாள். உட்கார முடியாமல் மறுபடி எழுந்தாள். "விரிசல் விட்டா ஓடிக்கிட்டே இருக்கும். அது நுனியில சின்னதா ஓட்டை போட்டு ஆணி அடிச்சு அடைச்சுட்டா அங்கேயே நின்னுடும். அடிக்க அடிக்க ஆணி கொஞ்சம் உள்ள இறங்கும்ல, அதான் ஸ்பேனர்ல புடைப்பா விழுது. ஆனா இது நிக்கல. மறுபடி ஓடிச்சு. மூணு தடவை ஆணி அடிச்சேன். மூணாவது நேரா இருக்காது, பிடிப் பக்கமா சாஞ்சிருக்கும்."

யாருக்காக இதையெல்லாம் சொல்கிறோம் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது போல. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "எல்லாமே என்னுதுதான்னு எழுது. நான் சொன்னேன்னு எழுதாத" என்றாள். எழுதிவிட்டேன்.

பெயர் ஏன் போடவில்லை என்று உன் ஐயா கேட்பார். வாங்கிய வியாபாரி போட விடவில்லை. பெயர் இருந்தால் சரக்கு வேண்டாம் என்றான். சம்மட்டி மெஷின் அப்பாவுடையது, டை அம்மாவுடையது. அப்பா அவளைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டார். அதற்காக அவள் அவரோடு பேசாமல் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ அப்போது பிறக்கவில்லை.

இன்னும் கோபம் ஆறாத,
அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

விரல் எப்படி இருக்கிறது?

என் கடிதத்தை நீ இன்னும் கிழிக்கவில்லை என்றால் எடுத்துப் பார். நான் ஒரு மச்சம் என்றுதான் எழுதியிருந்தேன். அனுப்பிய தாளிலும் ஒன்றுதான் இருந்தது. அதுவரை இரண்டே இரண்டு ஸ்பேனர்தான் துடைத்திருந்தேன். அம்மா மூன்று என்கிறாள். மூன்றாவது சாய்ந்திருக்கும் என்கிறாள். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் சாப்பிடக்கூடப் போகாமல் சாக்கை அப்படியே தரையில் கவிழ்த்தேன்.

சிலவற்றில் கோடே இல்லை. சிலவற்றில் மச்சம் இல்லாமல் குட்டையாக ஒரு கோடு. அப்புறம் ஒரு மச்சம், அதைத் தாண்டிக் கொஞ்சம் நீண்ட கோடு. அப்புறம் இரண்டு. கடைசியில் மூன்று மச்சம் வைத்தவை கிடைத்தன. மூன்றாவது பிடிப் பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கிறது, அக்கா. வரிசையாக அடுக்கி வைத்தேன். அந்த விரிசல் வளர்ந்த கதை அப்படியே தரையில் கிடந்தது.

உடனே பொறியாளர் ஐயாவை வரவழைத்தேன். அவரை நீ கெட்டவராக நினைத்துக்கொள்ளாதே. முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். "அம்மாவோட ஞாபகசக்திக்கு ஒரு கும்பிடு. ஆனா ஞாபகத்தைப் பெயர்ப்பலகையில எழுத முடியாதும்மா. பெரிய தொழிற்சாலையிலயும் டை விரியும், அங்கயும் ஆணி அடிப்பாங்க. அங்க வேலை செஞ்ச யாராவது சொல்லி இவங்க கேட்டிருக்கலாமே" என்றார். அருங்காட்சியகக் காப்பாளரும் அதையே சொல்கிறார். கையில் தொட்டுப் பார்க்கும்படி ஏதாவது வேண்டும், காலமும் நிச்சயமாக வேண்டும் என்கிறார். இரண்டும் மார்ச் 20க்குள் வரவில்லையென்றால் மணிக்கூண்டு என்றே அச்சாகிவிடும்.

அந்த டை இப்போது எங்கே? எந்த ஆணியை எந்த வருஷம் அடித்தாள் என்று அவளுக்கு நினைவிருக்கிறதா?

ஆதாரம் என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் வேறு எங்கேயும் எழுதவில்லை. கவனித்தாயா?

தங்கை


பிப்ரவரி 27

வக்கீலுக்கு,

கவனித்தேன். அந்தச் சொல்லை எழுதாமலே பக்கம் பக்கமாக அதைத்தான் கேட்டிருக்கிறாய்.

டை இல்லை. அப்பா போன பிறகு அவர்களுடைய ஆற்றோரப் பட்டறையைக் காலி செய்தபோது சித்தப்பாதான் கூட நின்று லாரியில் ஏற்றினார். எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது என்று அம்மா சொல்கிறாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் மேலே கேட்கவில்லை.

வருஷத்தைக் கேட்டேன். நான் கேட்பது போலவே கேட்டேன், உன் பேரை எடுக்கவில்லை. "முதல் ஆணி எப்பன்னு தெரியாது. ரெண்டாவது நல்லாத் தெரியும். சின்னவ வயித்துல இருக்கா, எட்டாம் மாசம். குனிஞ்சு ஓட்டை போடுறேன், உள்ள இருந்து உதைக்கிறா. அப்பவே எதுத்துப் பேசினவதான் அவ" என்றாள். சிரித்துவிட்டாள். சிரித்தது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அப்படியானால் இரண்டு மச்சம் விழுந்தது நீ பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். இதை உன் ஐயாவிடம் சொன்னால் பெற்றவளின் ஞாபகம் என்று மறுபடி ஒரு கும்பிடு போடுவார். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டுவாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அம்மா தபால் வந்ததா என்று கேட்பதில்லை. "வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்ட மாதிரி இருந்திச்சே" என்கிறாள். தினமும் அதே சைக்கிள்தான். நேற்று பம்ப் கொண்டுவந்த ஒரு ஆளிடம் விரிசலுக்கு ஆணி அடிப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்திருக்கிறாள். இனிமேல் இல்லை என்று சொன்னால் அவளால் தாங்க முடியாது. நடக்காது என்று உனக்குத் தோன்றினால் இப்போதே சொல்லிவிடு, ஆசை காட்டி இழுத்தடிக்காதே. எப்படிச் சொல்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்றுக் காற்றில் கதவு படார் படார் என்று அடித்துக்கொண்டது. அந்தப் பாழாய்ப்போன இரும்புக் கட்டையைக் காலால் தள்ளப் போய் அதே விரலில் மறுபடியும் வாங்கிக்கொண்டேன். அசைகிறதா பார், எருமைமாடு மாதிரி கிடக்கிறது. நகம் விழுந்துவிடும் போலிருக்கிறது.

அக்கா


மார்ச் 5

அக்கா,

அம்மாவிடம் எதையும் சொல்லிவிடாதே. முதலில் இதை முழுக்கப் படி.

உடைப்பதற்காக ஒதுக்கிய படகுகளில் இரண்டு இன்னும் துறைமுகத்தின் பின்பக்கம் கிடக்கின்றன. காவலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சாவி வாங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றிலும் எஞ்ஜினுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி, பூட்டு துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தது. வந்த நாளிலிருந்து யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. பலகையில் ஸ்பேனர் வடிவத்திலேயே துரு இறங்கியிருந்தது, படகோடு வந்த ஸ்பேனரேதான்.

முதல் படகின் எஞ்ஜின் தகட்டில் இருப்பது நான் பிறந்ததற்கு முந்தைய வருஷம். பெட்டியில் இருந்த ஸ்பேனருக்கு ஒரு மச்சம்.

இரண்டாவது படகின் தகட்டில் நான் பிறந்ததற்கு அடுத்த வருஷம். ஸ்பேனருக்கு இரண்டு மச்சம்.

அந்தச் சேற்று நாற்றத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். காவலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, உள்ள ஏதாவது கடிச்சிடுச்சா?" என்றார். அம்மா சொன்னது ஒரு வருஷம்கூடத் தப்பவில்லை. பொறியாளர் ஐயா நேரில் வந்து இரண்டு தகட்டையும் பார்த்துவிட்டார். தாத்தா காலம் என்பதை வாபஸ் வாங்கிக்கொண்டார். காலம் தீர்ந்தது. யார் செய்தது என்பதுதான் பாக்கி.

இனி எழுதப்போவதை எழுத இரண்டு நாள் தயங்கினேன்.

அம்மா எல்லாமே என்னுது என்றாள். எல்லாம் இல்லை, அக்கா. ஆறு ஸ்பேனர் வேறு மாதிரி இருக்கின்றன. கோடு இல்லாததால் மட்டும் சொல்லவில்லை, விரிசலுக்கு முன்பு அம்மா அடித்தவற்றிலும் கோடு இருக்காது. இந்த ஆறுக்கும் கழுத்து மெலிதாக இருக்கிறது. வாய் விரிந்து போயிருக்கிறது. அம்மாவுடையது ஒன்றுகூட விரியவில்லை. இவைதான் நிஜமாகவே மணிக்கூண்டுத் தொழிற்சாலையில் செய்தவையாக இருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எழுதத்தான் போகிறேன். இந்த ஆறை அம்மா கணக்கில் சேர்த்தால் மற்றதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

கடைசியாக ஒன்று. நீ எழுதிய இரண்டு கடிதத்திலும் ஒரு இரும்புக் கட்டையைத் திட்டியிருக்கிறாய். நான் வீட்டைவிட்டு வந்தபோது அது அங்கே இல்லை. அது எங்கிருந்து வந்தது? என்றைக்காவது புரட்டிப் பார்த்திருக்கிறாயா?

தங்கை


மார்ச் 10

சின்னவளுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. என் பட்டறை திறந்தபோது சித்தப்பா கொண்டுவந்து போட்டது அது. "கதவுக்கு ஆகும், வச்சுக்கோ" என்றார். அன்று சிரித்தாரே, அவரேதான்.

கடப்பாரை போட்டு, ஆட்கள் இரண்டு பேரும் நானுமாக நெம்பினோம். புரண்டது. அடிப்பக்கம் முழுக்கக் கிரீஸும் மண்ணும் கல்லாக இறுகிக்கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினேன். முதலில் ஒரு வளைவு தெரிந்தது. அப்புறம் வாய். அப்புறம் பிடி, நடுவில் பள்ளம் விழுவதற்கான நீண்ட மேடு. கழுத்தில் துணியை வைத்துத் தேய்த்தால், ஒரு ஆணி. இன்னும் தேய்த்தால் இரண்டாவது. மூன்றாவது, குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கிறது.

நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடிவந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று ஆணியையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, துடைக்கவும் தோன்றவில்லை. நானும் அழுதேன். ஆட்கள் இரண்டு பேரும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா நிமிர்ந்து, "ஏண்டி, இத்தனை வருஷம் என் டையை வச்சா கதவை நிறுத்தினே?" என்றாள். பழைய குரல் வந்துவிட்டது. அன்று இரவு சாப்பிடும்வரை வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவ்வளவு திட்டு வாங்கியும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நீயே நினைத்துப் பார்த்துக்கொள்.

அந்த ஆறு விஷயத்தை மறைத்துவிடத்தான் நினைத்தேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மா விடவில்லை. "மொத்தக் கடிதத்தையும் படி. அவ எழுதினா நல்லதும் இருக்கும், குத்தலும் இருக்கும்" என்றாள். படித்தேன். வீட்டில் இடி விழப்போகிறது என்று பயந்துகொண்டே படித்தேன்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வாய் விரிஞ்சிருக்குன்னா எழுதியிருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அவங்களோடதுதான். அவங்க ஸ்பேனரைப் பாத்துத்தான் நான் வெட்டினேன். கழுத்து மெலிசா இருக்கு, இழுத்தா வாய் விரியும்னு அப்பவே தெரிஞ்சுது. அதான் என்னுதுல கழுத்தை ஒரு நூல் தடிமனா வச்சேன். உங்கப்பாகூட இரும்பு வீணாகுதுன்னு சண்டை போட்டார்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அந்த ஆறையும் வாங்கி வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்? அவ சரியாத்தான் பாத்திருக்கா" என்றாள்.

உன்னைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லி எவ்வளவு நாளாகிறது தெரியுமா? எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

சோப்பை உருக்கி டையில் ஊற்றி அச்சு எடுத்து இதோடு பார்சலில் அனுப்புகிறேன். டை வெட்டியதும் சரியாக விழுகிறதா என்று பார்க்க அம்மா அந்தக் காலத்தில் செய்வதுதான். ஊற்றியது அவள், நான் இல்லை. சோப்பை மட்டும் நம்ப மாட்டாய் என்று தெரியும். டையும் பின்னாலேயே வருகிறது. பம்ப் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிற லாரியில் வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. இறக்க நான்கு ஆளைத் தயாராக வை. கால்விரல் பத்திரம்.

அக்கா

பின்குறிப்பு: கதவுக்கு இப்போது ஒரு செங்கல்.


மார்ச் 18

அக்கா, அம்மா, இரண்டு பேருக்கும்,

இதை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாதே.

டை வந்து சேர்ந்தது. கூடத்தின் நடுவில் கனமான மேசை போட்டு அதன் மேல் ஏற்றினோம். காப்பாளர் வந்தார், பொறியாளர் ஐயா வந்தார், மற்ற ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மூன்று மச்சம் வைத்த ஸ்பேனர் ஒன்றை எடுத்து டையில் வைத்தேன். கொஞ்சம் நகர்த்தினேன். கடக் என்று உட்கார்ந்தது. சொந்தச் செருப்பில் கால் நுழைகிற மாதிரி. மூன்று மச்சமும் மூன்று ஆணியின் குழியில் இறங்கிவிட்டன. யாரோ கை தட்டினார்கள்.

இரண்டு மச்சம் உள்ளது உட்கார்ந்தது. ஒரு மச்சம் உட்கார்ந்தது. கோடே இல்லாத, கழுத்து தடித்தவையும் உட்கார்ந்தன. அந்த ஆறு ஸ்பேனரும் உட்காரவில்லை. கழுத்தில் ஆடின. அதையும் எல்லார் முன்னாலும் வைத்துக் காட்டினேன்.

பொறியாளர் ஐயா, "கடைசி ஒண்ணை நான் வைக்கட்டுமா?" என்று கேட்டு வாங்கி வைத்தார். அது உட்கார்ந்த சத்தத்தைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என் சர்வீஸ் முழுக்க இதை வச்சுத்தான் எஞ்ஜின் திறந்தேன். ஒருநாள்கூட நழுவினதில்ல. பெரிய கம்பெனிச் சரக்குன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அம்மாவை நான் பாக்கணும்" என்றார். தோற்றவர் முகமாக அது இல்லை. எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் சந்தோஷம்.

பெயர்ப்பலகையை அவரும் நானும் சேர்ந்து மாற்றி எழுதினோம். அச்சுக்குப் போய்விட்டது. படகில் கிடைத்த இரண்டோடு சேர்த்து முப்பத்தொரு ஸ்பேனருக்கும் மேலே, செய்தவர் என்ற இடத்தில், அம்மாவின் முழுப்பெயர். அதன் கீழே அப்பாவின் பெயர், சம்மட்டி அடித்தவர் என்று. எத்தனை மச்சமோ அதன்படி வருஷங்கள். பக்கத்தில் அந்த ஆறு, மணிக்கூண்டுத் தொழிற்சாலையின் பெயரோடு. இவற்றைப் பார்த்து, குறையைத் திருத்திச் செய்யப்பட்டவை அருகிலுள்ளவை என்று ஒரு வரி. நடுவில் டை.

அம்மா, அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீ கொடுத்த பதில் அப்படி. ஆனால் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்களோ, பதிலையும் அத்தனை பேரும் கேட்க வேண்டும். அக்கா, அன்று தட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் விடாமல் ஏப்ரல் 4 திறப்புக்கு அழைத்து வா. சித்தப்பா தலைவலி என்று சொன்னாலும் விடாதே.

சின்னவள்


ஏப்ரல் 9

சின்னவளே,

நீ நேரில் பார்த்ததையே உனக்கு எழுதப்போவதில்லை. அம்மா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்ததும், உன் கன்னத்தைக் கிள்ளியதும், சித்தப்பா பலகையை மூன்று முறை படித்துவிட்டு "இந்த டையைப் பத்திரமா எடுத்துக் குடுத்ததே நான்தான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் உனக்குத் தெரியும். பொறியாளர் ஐயாவும் அம்மாவும் கழுத்துத் தடிமன் பற்றி ஒரு மணி நேரம் பேசியதில் ரயிலைத் தவறவிடப் பார்த்தோம், அதுவும் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது எதிர் சீட்டில் ஒரு மனிதர். நல்ல வாயாடி. எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டு மாட்டிக்கொண்டார். அம்மா ஆரம்பித்துவிட்டாள். டை, விரிசல், ஆணி, படகு, எதையும் விடவில்லை. கடைசியில் அதே பழைய வசனம், "துறைமுகத்துல இறுக்கின நட்டுல பாதி என் ஸ்பேனர் இறுக்கினதுதான்" என்றாள்.

அவர் சிரித்தார். "சும்மா அளக்காதீங்கம்மா. யார் சொன்னது?" என்றார்.

சித்தப்பா வாயைத் திறந்தார். நான் போனை எடுத்துப் பெயர்ப்பலகையின் படத்தைத் தேட ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அவரை நேராகப் பார்த்து, "என் சின்ன மக சொன்னா" என்றாள். "அவ ஆதாரம் இல்லாம எதையும் ஒத்துக்க மாட்டா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சாய்ந்து, வீடு வரும்வரை நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். எடுக்கிறேன்.

அக்கா